மூன்று என்றதும் எழ வேண்டும்

ரமணி இளைத்துக்கொண்டே வருகிறாள் என்பதை ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அவள் கணவர் தயாளன் அதை அவள் பிடியில் தெரிந்துகொண்டார்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறை ஸ்டூலுக்கு, அங்கிருந்து திரும்ப நாற்காலிக்கு என்று பகல் முழுவதும் அவரைத் தூக்கி மாற்றுவது ரமணிதான். முறை மாறாது. அவர் இடுப்பில் கட்டியிருக்கும் அகலப் பட்டையை இரண்டு பக்கமும் பிடிப்பாள். அவருடைய செயலற்ற வலது முழங்காலுக்குத் தன் முழங்காலால் அணை கொடுப்பாள். அவர் முன்னால் சாய்ந்து, "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று எண்ணுவார். மூன்றில் அவள் இழுப்பாள், அவர் இடது காலை ஊன்றுவார், இரண்டு பேரும் ஒன்றாக எழுவார்கள்.

எண்ணுவது அவர் வேலை. அதற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெற்ற மறு வருஷமே வந்த பக்கவாதம் வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டது. பேச்சில் முக்கால்வாசியும் போய்விட்டது. தண்ணீர் கேட்க நினைத்தால் வாயில் "டிக்கெட்" என்று வரும். மனைவியைக் கூப்பிட நினைத்தால் "அண்ணே" என்று வரும். வரிசையாக மனப்பாடமானவை மட்டும் உடையாமல் தப்பியிருந்தன. நூறு வரை எண்ணுவார். முப்பது வருஷம் பேருந்து ஓட்டிய தடத்தை, ஜெலுத்தோங் பசார், கொம்தார், சூலியா தெரு, வெல்ட் கீ என்று நிறுத்தம் தவறாமல் சொல்வார். இரண்டு கெட்ட வார்த்தைகளும் சுத்தமாக வரும். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னத்தைப் பேசுவது?

வீடு ஐந்தாவது மாடியில். கீழே இரண்டு வீடுகளில் திருடு போனதிலிருந்து, ரமணி வாசல் இரும்புக் கதவைப் பகலிலும் உள்பக்கமாகப் பூட்டி, சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டிவிடுவாள். அந்தப் பூட்டு விழும் சத்தம் கேட்டால் தயாளனுக்கு அன்றைய நாள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஜன்னல்தான். கம்பிக்கு அப்பால் சாலையின் ஒரு துண்டு தெரியும். அதில் பேருந்து வரும், போகும்.

ரமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. எண்பத்தாறு கிலோ இருந்தாள். முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன, பதினைந்து கிலோவாவது இறக்காவிட்டால் அறுவைச் சிகிச்சைதான் என்று அரசாங்கக் கிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். அறுவைச் சிகிச்சை என்றால் அவள் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். அவள் படுத்தால் தயாளனைத் தூக்க ஆளில்லை. மகன் ஷர்வின் பாலத்தைத் தாண்டி பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது. அதை இரண்டு தடவை சொல்லிவிட்டான். ரமணி இரண்டு தடவையும் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அப்படியிருக்கும்போது புரட்டாசி வந்தது. வழக்கம்போல் வீட்டில் கவிச்சி நின்றது. ரமணி இந்தத் தடவை காலையும் இரவும் வெறும் கோப்பி குடித்து, மத்தியானம் மட்டும் சோறு தின்றாள். முதல் மாதம் எட்டுக் கிலோ இறங்கியது. புரட்டாசி முடிந்து அக்கம்பக்கத்தில் கோழிக்கறி மணக்கத் தொடங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எடை ஏறிவிடுமே என்ற பயம். தன் மனதைத் தானே நம்பாமல், ஒருநாள் தண்ணீர்மலை முருகன் சந்நிதிக்குப் போய் அதை நேர்த்தியாக்கிவிட்டு வந்தாள். தைப்பூசம் வரைக்கும் ஒரு வேளை உணவு, சுத்த சைவம். அதற்குப் பதில் என் புருஷன் தானாக எழுந்து நிற்க வேண்டும். முழங்காலுக்காகத் தொடங்கியது சாமி காரியம் ஆகிவிட்டது. இனி யாரும் அவளைச் சாப்பிடு என்று சொல்ல முடியாது.

யாரும் சொல்லவும் இல்லை. எதிர்வீட்டுச் சுலைஹா இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு ரமணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அலாமாக்! அக்கா, பின்னாடியிலேர்ந்து பாத்துட்டு ஒங்க தங்கச்சின்னு நெனச்சேன் லா. என்ன மருந்து சாப்புடுறீங்க?"

"மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. விரதம். ஒரு வேளச் சோறு."

"நாங்களுந்தான் வருசா வருசம் நோன்பு புடிக்கிறோம். சாயங்காலம் ஆனா போட்டுத் தாக்கி, பெருநாளைக்குப் பழைய பாஜூ சட்டையே பத்த மாட்டேங்குது!"

ரமணி சிரித்தாள். ஷர்வினும் கைப்பேசியில் கட்டைவிரல் படம் அனுப்பினான்: 'சூப்பர் ம்மா. சோத்தையும் குறைங்க.'

கார்த்திகை பிறந்தபோது அவள் எழுபத்திரண்டு கிலோவுக்கு வந்திருந்தாள். தயாளன் அதற்கு முன்பே வேறொன்றைக் கவனித்திருந்தார். முன்பெல்லாம் மூன்று என்று வாய் மூடுமுன் உடம்பு மேலே இருக்கும். இப்போது மூன்றுக்குப் பிறகு ஒரு தயக்கம். பட்டையைப் பிடித்த கை நடுங்கும். ஒரு இழுப்பு இரண்டு இழுப்பாயிற்று. அவருடைய காலுக்கு அணை கொடுக்கும் முழங்கால் உள்ளே வளைந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இந்த வெயிலிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். சீப்பில் முடி கொத்துக்கொத்தாக இருந்தது.

அவர் சொல்லிப் பார்த்தார். இடது கையால் அவள் மேல்கையைத் தொட்டு, "டிக்கெட்… டிக்கெட்…" என்றார்.

"தண்ணியா? இருங்க, கொண்டாறேன்."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடித்தார். வேறு என்ன செய்ய?

அந்த வாரம் வியாழக்கிழமை காலை குளியலறையில் நடந்தது நடக்க இருந்ததுதான். ஸ்டூலிலிருந்து எழ அவர் எண்ணினார். மூன்றில் அவள் இழுத்தாள். பாதி எழுந்த இடத்தில் அவள் தொடை விட்டுவிட்டது. அவர் அவள் மேல் சரிய, இருவரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் குளியலறைக் கதவு உள்பக்கம் திறப்பது. தயாளனின் உடம்பு அதன் குறுக்கே கிடந்தது. ரமணி அவரை நகர்த்தப் பார்த்தாள், முடியவில்லை. தான் மட்டும் எழப் பார்த்தாள். கையை ஊன்றினால் கை மடங்கியது.

"நவுருங்க, கொஞ்சம் நவுருங்க," என்றாள். பிறகு, "என்னால முடியலங்க," என்றாள். அவர் விழுந்து படுத்த இந்த இரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் அவள் வாயில் கேட்டதில்லை.

வாளிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசி கூடத்தில் அடித்து அடித்து ஓய்ந்தது. காற்றுச் சந்து வழியாக அவள் கத்தியது சுலைஹாவுக்குக் கேட்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சுலைஹா ஓடிவந்தாள். வாசல் இரும்புக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. சாவி சமையலறை ஆணியில். அவள் தம்பி இத்ரீஸ் கீழ்த்தளத்துப் பட்டறையிலிருந்து நீளக் கத்தரி கொண்டுவந்து பூட்டை வெட்டினான்.

அன்று மாலையே ஷர்வின் வந்தான். ஜிம்முக்குப் போகும் உடம்பு. வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"ம்மா, இனிமே பேச்சே இல்ல. ஹோம்ல நல்லா பாத்துப்பாங்க. பத்து காவான்லேர்ந்து கிட்ட, நான் தெனம் போவேன்."

"தைப்பூசம் வரைக்கும் பொறுப்பா. விரதம் முடியட்டும். அதுக்குள்ள என் முட்டியும் சரியாயிரும்."

"விழுந்தது முட்டியாலயா? ஆள் நிக்கவே முடியல, பாருங்க!"

"மெதுவாப் பேசு. அப்பாக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

ஷர்வின் அப்பாவைப் பார்த்தான். தயாளன் ஜன்னலைப் பார்த்தார். "சரி," என்றான் மகன், குரலை இறக்கி. "தைப்பூசத்துக்கு மறு ஞாயிறு வருவேன். என் கண்ணு முன்னால நீங்க அப்பாவக் குளியலறைக்குக் கூட்டிட்டுப் போயி, அந்த ஸ்டூல்லேர்ந்து தனியாத் தூக்கணும். முடியலன்னா அன்னிக்கே காடியில ஏத்திட்டுப் போயிருவேன்."

அடுத்த வாரம் மருத்துவமனையில் தயாளனுக்குப் பிசியோ முறை. சுதர்ஷினி என்ற இளம்பெண்தான் அவரைப் பார்ப்பவள். விழுந்த கதையைக் கேட்டதும், அவரை விட்டுவிட்டு ரமணியைக் கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"கைய மாருல கட்டிக்கிட்டு எழுந்திருங்க ஆன்ட்டி."

ரமணி முயன்றாள். எழ முடியவில்லை. இரண்டாம் முறையும் பாதியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரித்து மழுப்பினாள். சுதர்ஷினி சிரிக்கவில்லை.

"என்ன சாப்புடுறீங்க?" என்று கேட்டு, எல்லாவற்றையும் கேட்டு முடித்துச் சொன்னாள்: "நீங்க சாமிக்கு விரதம் இருக்கீங்கன்னு ஒங்க ஒடம்புக்குத் தெரியாது ஆன்ட்டி. அது பஞ்சம் வந்துருச்சுன்னு நெனச்சிக்கும். கொழுப்பையும் எரிக்கும், மசிலையும் எரிக்கும். மசில் சும்மா இருந்தாலும் சோறு கேக்குமில்ல? பஞ்சத்துல அதுக்குச் சோறு போட ஒடம்புக்கு மனசு வராது. செலவையும் கொறச்சிக்கும். அதான் குளுருது, முடி கொட்டுது. இப்ப எட இன்னும் எறங்குதா?"

"ரெண்டு வாரமா அப்படியே நிக்கிது."

"நிக்கும். ஒடம்பு கையக் கட்டிக்கிச்சு."

"அப்ப நான் குண்டாவே இருக்கணும்ங்கிறியா?"

"எளைக்கணும். ஒங்க முட்டிக்கு அது வேணும். மெதுவா, மாசத்துக்கு ஒன்னர, ரெண்டு கிலோ போதும். மூனு வேளையும் சாப்புடணும், மூனு வேளையிலும் புரோட்டின் இருக்கணும். சைவம்னா சோயாவுல செய்யிற தௌவு, தெம்பே, அப்பறம் பருப்பு, தயிர். வாரத்துல மூனு நாளு தசைக்கு வேல குடுக்கணும். அப்ப ஒடம்பு மசில வச்சிக்கிட்டுக் கொழுப்ப விடும்."

"இவரத் தூக்குறேனே, அது வேல இல்லியா?"

"அது பட்டினி போட்டு வேல வாங்குறது, ஆன்ட்டி."

ரமணி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "ஒரு வேளைன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேம்மா. பாதியில விட்டா, இவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

சுதர்ஷினி அடுத்த முறைக்கான தேதியை எழுதி நீட்டினாள். அவள் வீட்டிலும் சாமியறை இருந்தது.

வீடு திரும்பும் வழி முழுவதும் தயாளன் யோசித்தார். விரதம் அவர் பெயரில். அதைத் தொடர்ந்தால் அவள் கை இன்னும் தேயும். அவர் இல்லத்துக்குப் போவார். விட்டால், அவருக்கு வரும் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அவள் தன்னையே குற்றம் சொல்வாள். கயிற்றின் இரண்டு முனையிலும் அவரே இருந்தார். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால் போதும். முடியாது. ஆனால் வாயை மூட முடியும்.

மறுநாள் காலை அவள் ஊட்ட வந்த இடியாப்பத்துக்கு அவர் வாய் திறக்கவில்லை. பல் வலியா என்று பார்த்தாள். மத்தியானம் சோறு கொண்டுவந்தாள். இடது கையால் தட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் தட்டைத் திருப்பி வைத்தாள். அவர் மறுபடி தள்ளினார். ரசம் மேசையில் சிந்தியது.

சுலைஹா எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, ஸ்ட்ரைக்கா? பஸ்ஸு ஓட்டுனப்பல்லாம் ஒரு நாளு பண்ணுனதில்ல, ரிட்டையர் ஆயிட்டு இப்ப கொடி புடிக்கிறீங்க?"

பொழுது சாயும்போது ரமணிக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம்தான் வந்தது.

"யாருக்காக இருக்கேன்னு நெனச்சீங்க? எனக்கா? எனக்கென்ன, கல்யாணம் பண்ணிக்கப் போறேனா எளச்சிக்கிட்டு? ஒங்களுக்காகத்தானே!"

தயாளன் அவள் மேல்கையைப் பிடித்தார். தோல் தொளதொளவென்று தொங்கிய இடத்தில் விரல்கள் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டன. அவர் அவள் முகத்தைப் பார்த்து மெதுவாக எண்ணினார்.

"ஒன்னு. ரெண்டு." அங்கே நிறுத்தினார். மூன்றைச் சொல்லவில்லை. கையை விட்டார். பட்டென்று அவள் தொடையிலேயே விழுந்தது அவள் கை.

ரமணி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து குளித்தாள். சாமி மாடத்தில் விளக்கேற்றி, ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலை மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அதில் ஒரு காசை வைத்து முடிந்தாள். செய்ய முடியாமல் போன நேர்த்தியைத் தள்ளிவைக்க அவள் வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். முடிச்சை முருகன் படத்து ஆணியில் கட்டினாள்.

"சைவத்த விடல," என்றாள் படத்திடம், கடைக்காரரிடம் பேசுவதுபோல. "ஒரு வேளைய மட்டும் தள்ளி வைக்கிறேன். மிச்சத்த அப்பறமா தர்றேன். எங்கயும் ஓடிப் போயிர மாட்டேன். ஓடிப் போறதுக்கு எனக்கு ஏது எடம்?"

அன்றிரவு இரண்டு தட்டில் சோறு வந்தது. அவர் வாய் திறந்தார்.

மறுநாளிலிருந்து ஜெலுத்தோங் பசாரிலிருந்து தௌவும் தெம்பேயும் வந்தன. காலையில் பருப்பு அடை, தயிர். மத்தியானம் அரைத்தட்டுச் சோறு, நிறைய தெம்பே. ஷர்வின் வந்தபோது அவள் கேட்டாள்: "நீ ஜிம்முக்குப் போயி கலக்கிக் குடிப்பியே ஒரு மாவு, அது பாலுலேர்ந்து எடுக்குறதுதானே?"

"ஆமாம்மா. ஏன்?"

"எனக்கொரு டப்பா வாங்கிட்டு வா."

"ஒங்களுக்கா!" அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அம்மா சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். தன் தசைக்காக வாரம் தவறாமல் வாங்கியவன், அப்பாவைத் தூக்குகிற கைக்கும் அது வேண்டும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. மறுவாரம் இரண்டு டப்பாவாகக் கொண்டுவந்தான்.

திங்கள், புதன், வெள்ளி காலைகளில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவாள். முதலில் இரண்டு தலையணை வைத்து உயர்த்திய நாற்காலி, பிறகு ஒன்று, பிறகு வெறும் நாற்காலி. தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கினாள்; அரிசிப் பையைத் தரையிலிருந்து மேசைக்கு எடுத்தாள். எண்ணுவது தயாளன். அவள் ஏமாற்றி அரையில் எழுந்தால், அந்த எண்ணையே திரும்பச் சொல்வார்.

"அதான் எழுந்தேன்ல?"

"நாலு," என்பார் அவர் மறுபடியும்.

"கண்டக்டர் வேலைக்கே போயிருக்கலாம் நீங்க!"

எடை முதலில் இறங்கவில்லை, ஒன்றரைக் கிலோ ஏறியது. "அக்கா, விட்டுட்டீங்களா?" என்று சுலைஹா கேட்ட அன்று ரமணி சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். தயாளன் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் திட்டிக்கொண்டே தட்டை இழுத்தாள். பொங்கலுக்குள் ஏறியது இறங்கிவிட்டது. தைப்பூசத்தன்று இன்னொரு கிலோவும் குறைந்து எழுபத்தொன்றில் நின்றாள். பாவாடை நாடா இன்னும் உள்ளே போயிருந்தது. மின்விசிறி மறுபடி ஓடியது.

ஞாயிறு வந்தது. ஷர்வின் காரைக் கீழே லிஃப்ட் பக்கமாகவே நிறுத்திவிட்டு வந்தான். ரமணி துணிமணி எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. குளியலறையில் தயாளனை ஸ்டூலில் உட்கார வைத்தாள். மகன் கதவோரம் நின்றான்.

தயாளன் அவளைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் கடல் பக்கம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கால் மணி தூரத்தில் கடல். இன்று அவர் எழாவிட்டால், நாளை அவள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். பூட்டு வேண்டாம், பட்டை வேண்டாம், விரதமும் வேண்டாம். இத்தனை நாள் அவர் நினைக்காதது அது. ஒரு காலை ஊன்றாமல் இருந்தால் போதும்.

"ஒன்னு, ரெண்டு, மூனு."

அவள் இழுத்தாள். அவர் கனத்துக் கிடந்தார். பட்டை விலாவில் அறுத்தது; அவர் எழவில்லை.

"ம்மா, விடுங்க," என்றான் ஷர்வின். "தள்ளுங்க, நான் தூக்குறேன்." அவன் அப்பாவின் அக்குளில் கை கொடுத்து முதுகை வளைத்து இழுத்தான். இழுத்த வேகத்தில் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ" என்று சுவரில் சாய்ந்தான்.

"அது ஜிம்மு இல்லப்பா," என்றாள் ரமணி. பிறகு குனிந்து கணவர் காதருகே பேசினாள். "கால ஊனல நீங்க. எனக்குத் தெரியாதா? முப்பது கிலோ கூடத் தொங்குது. நான் பட்டினி கெடந்தப்ப நீங்க வாயத் தொறக்கல. இப்ப நீங்க கால ஊனலன்னா நான் இனிமே சோத்தத் தொட மாட்டேன். பாத்துருவோமா?"

அவள் செய்வாள். அது அவருக்குத் தெரியும். தப்ப வழியில்லாதபடி அவர் கற்றுக்கொடுத்ததையே அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவர் இடது பாதத்தைத் தரையில் தேய்த்துச் சரியான இடத்தில் வைத்தார். அவள் முழங்கால் வந்து அவர் முழங்காலை அணைத்தது. அது வளையவில்லை.

"ஒன்னு. ரெண்டு. மூனு."

ஒரே இழுப்பு. ஈரச் சுவர் கீழே போயிற்று. அவள் நெற்றி அவர் நெற்றியருகே வந்தது. பட்டையைப் பிடித்த கை நடுங்கவில்லை. அப்படியே திருப்பி நாற்காலியில் இறக்கினாள். பொத்தென்று போடவில்லை, இறக்கினாள்.

ஷர்வின் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே நின்றான். "சரி," என்றான் கடைசியில். "ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"பாரு. ஆறு மாசத்துல இன்னும் எட்டுக் கிலோ எறக்கியிருப்பேன். தைலம் அலமாரியில இருக்கு, போட்டுக்கிட்டுப் போ."

அவன் போனதும் ரமணி இரும்புக் கதவை இழுத்து, புதுப் பூட்டைப் பூட்டினாள். இப்போது சாவி ஒன்று சுலைஹா வீட்டிலும் இருந்தது. பூட்டு விழும் சத்தம் பழையதைவிடக் கனமாகக் கேட்டது. தயாளன் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் இரண்டு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். முருகன் படத்து ஆணியில் மஞ்சள் முடிச்சு, தரவேண்டிய விரதத்தோடு தொங்கியது.

"சாப்புடுங்க," என்றாள் அவள்.

அவர் அவள் கை முதலில் தட்டுக்குப் போகும் வரை காத்திருந்தார்.